வேறு வழியில்லாமல் பி.எட். வந்தவர் நல்ல ஆசிரியர் ஆவாரா?

எம்.எஸ்சி. கணிதம் முடித்து பி.எட். முதலாண்டில் இருக்கிறீர்கள். வகுப்பில் யாரைக் கேட்டாலும் "வீட்டில் சேர்த்துவிட்டார்கள்", "கவர்மெண்ட் வேலைக்கு ஆகும்", "கல்யாணம் வரைக்கும் சும்மா இருக்க வேண்டாமே" என்றுதான் பதில் வருகிறது, ஆசைப்பட்டு வந்தவர் ஒருவர்கூடக் கண்ணில் படவில்லை, இவர்களெல்லாம் நாளைக்கு என்ன பாடம் நடத்துவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், போகிற போக்கில், "எனக்கும் சேவை மனப்பான்மை எல்லாம் கிடையாது" என்று ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சக மாணவர்களைப் பற்றிய கவலை பாதி, உங்களைப் பற்றிய கவலை பாதி. ஆகவே இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: இந்தப் படிப்புக்கு வருகிறவர்கள் எதற்காக வருகிறார்கள், வந்த காரணத்தை வைத்து அவர்கள் எப்படிப்பட்ட ஆசிரியர் ஆவார்கள் என்று சொல்லிவிட முடியுமா.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் சொல்வதை எவ்வளவு தூரம் எடுத்துக்கொள்ளலாம் என்பது அதைப் பொறுத்தது. உதவிபெறும் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டு, பிறகு எம்.எட்., பிஎச்.டி. என்று போய், இப்போது ஒரு கல்வியியல் கல்லூரியில் கணிதம் கற்பித்தலும் கல்வி உளவியலும் எடுக்கிறேன். நான் பார்த்ததெல்லாம் தென் மாவட்டத்துச் சின்ன ஊர்க் கல்லூரிகள். பாதிக்கு மேல் பெண்கள், பெரும்பாலும் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். 1856இல் தொடங்கிய சைதாப்பேட்டை அரசுக் கல்வியியல் கல்லூரி மாதிரி பெரிய இடத்தில் மதிப்பெண் போட்டி போட்டு நுழைகிறவர்களின் கதை கொஞ்சம் வேறாக இருக்கலாம். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதல் வாரத்தில் "நான் ஏன் ஆசிரியராக விரும்புகிறேன்" என்று ஒரு பக்கம் எழுதச் சொல்வது எங்கள் வழக்கம். தாள்களை வரிசையாகப் படித்தால் எல்லாவற்றையும் ஒரே ஆள் எழுதியது போல இருக்கும். "ஆசிரியர் பணியே அறப்பணி, அதற்கே உன்னை அர்ப்பணி" என்று தொடங்கும், நடுவில் அப்துல் கலாம் வருவார், குருவைத் தெய்வமாக்கி முடியும். அதே மாணவரிடம் ஒரு மாதம் கழித்து, சாப்பாட்டு நேரத்தில் சாதாரணமாக, "சரி, போன வருஷம் ஏப்ரல் மே மாதத்தில் உன் கையில் வேறு என்னென்ன இருந்தது?" என்று கேட்டால் கதை வேறு மாதிரி வரும். குரூப் 4 தேர்வில் கொஞ்சம் மதிப்பெண்ணில் போனது, ஓசூரில் ஒரு கம்பெனி வேலை வந்தும் விடுதியில் தங்க அப்பா ஒத்துக்கொள்ளாதது, எம்.எஸ்சி. முடித்த அக்கா வீட்டில் இருப்பதைப் பார்த்து மாமா "இவளையாவது பி.எட். போடுங்க" என்று சொன்னது, சத்துணவு அமைப்பாளராக இருக்கும் அம்மா அதே பள்ளியில் டீச்சருக்குக் கிடைக்கும் மரியாதையைத் தினமும் பார்த்து வந்தது. "ஏன் வந்தாய்" என்று கேட்டால் மேடைப் பேச்சு கிடைக்கும், "வேறு என்ன இருந்தது, விண்ணப்பத்தை யார் நிரப்பினார்கள், ஃபீஸ் யார் கட்டினார்கள்" என்று கேட்டால்தான் விஷயம் கிடைக்கும். அதற்காகத் தாளில் எழுதியது பொய் என்று சொல்ல வரவில்லை. ஓசூர் வேலைக்குப் போக முடியாமல் வந்த பெண்ணும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது நல்ல காரியம் என்று மனசார நம்புகிறவள்தான். இரண்டும் ஒரே ஆளுக்குள் ஒரே நேரத்தில் இருக்கின்றன. உங்கள் நண்பர்கள் உங்களிடம் ஒரு பாதியைச் சொல்கிறார்கள், எங்களிடம் மறு பாதியை எழுதுகிறார்கள். கூடப் படிப்பவரிடம் போய் "எனக்குக் குழந்தைகள் என்றால் உயிர்" என்று சொல்ல நம் ஊரில் யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும்.

இந்த விஷயத்தை உலகம் முழுக்க நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள். பழைய பாகுபாடு மூன்று: உள்ளார்ந்த ஆர்வம், பிறர்நலம், புறப்பயன். பாடமும் அதை நடத்துவதும் பிடிக்கும் என்பது முதல் வகை, சமூகத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்பது இரண்டாவது, சம்பளம், விடுமுறை, நிரந்தரம் மூன்றாவது. 2007இல் ஆஸ்திரேலியாவில் ஹெலன் வாட், பால் ரிச்சர்ட்சன் என்ற இருவர் இதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்து ஒரு வினாநிரல் அமைத்தார்கள். ஃபிட்-சாய்ஸ் என்று பெயர். ஒவ்வொரு காரணத்துக்கும் ஒன்றிலிருந்து ஏழு வரை மதிப்பெண் போட வேண்டும். அதில் ஆர்வம், தன் திறமை மேல் நம்பிக்கை, குழந்தைகளின் எதிர்காலத்தை உருவாக்கும் ஆசை, சமத்துவம், வேலைப் பாதுகாப்பு, குடும்பத்துக்கு நேரம், எந்த ஊருக்குப் போனாலும் செய்யக்கூடிய வேலை, தனக்கு வாய்த்த நல்ல ஆசிரியர்கள், வீட்டாரின் தூண்டுதல் என்று பலதும் உண்டு. "வேறு எதுவும் கிடைக்காததால் வந்தேன்" என்பதற்கும் தனி இடம் உண்டு. அங்கே படித்தவர்கள் எல்லாவற்றையும்விடக் குறைவாக மதிப்பெண் போட்டது அந்தக் கடைசிக் காரணத்துக்குத்தான். ஆர்வமும் திறமை நம்பிக்கையும் சமூகப் பயனும் மேலே இருந்தன. பிறகு பல நாடுகளில் இதே வினாநிரலை வைத்துப் பார்த்தார்கள். துருக்கியில் சமூகப் பயன் முதலிடத்திலும் நிரந்தர வேலை அடுத்ததாகவும் வந்தது. எனக்கு அது நம் ஊருக்கு நெருக்கமான படமாகத் தெரிகிறது. பணியில் இருக்கும் ஆசிரியர்களிடம் ஓ.இ.சி.டி. என்ற, பெரும்பாலும் வசதியான நாடுகளின் கூட்டமைப்பு 2018இல் நடத்திய பெரிய கணக்கெடுப்பில், குழந்தைகளின் வளர்ச்சியில் பங்கு கொள்வது முக்கியக் காரணம் என்று ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் சொன்னார்கள். ஆனால் ஆசிரியர் வேலைதான் தங்கள் முதல் விருப்பம் என்றவர்கள் மூன்றில் இரண்டு பங்குதான். அதாவது, வசதியான நாடுகளிலேயே மூன்றில் ஒருவர் வேறு எதையோ நினைத்திருந்துவிட்டு இங்கே வந்தவர். உங்கள் வகுப்பை மட்டும் நினைத்து நொந்துகொள்ள வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஆனால் வினாநிரலை ரொம்பவும் நம்பிவிடக் கூடாது. பேனாவைக் கையில் கொடுத்தால் மனிதர்கள் நல்ல பிள்ளைகளாகிவிடுவார்கள், அதுவும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில், துறைத்தலைவர் கதவருகே நிற்கும்போது. நம் பக்கம் எம்.எட். ஆய்வேடுகளில் பி.எட். மாணவர்களின் மனப்பான்மையை அளக்காத வருஷமே இல்லை: ஆண் பெண், கிராமம் நகரம், அரசு தனியார் என்று பிரித்து, டி-மதிப்பு போட்டு, "குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை, எனவே இன்மைக் கருதுகோள் ஏற்கப்படுகிறது" என்று முடித்து, கெட்டி அட்டை போட்டு நூலகத்தில் அடுக்கியிருக்கிறோம். நானும் அப்படிப் பலவற்றுக்கு நெறியாளராகக் கையெழுத்துப் போட்டவன்தான். இந்த அளவைகள் ஒருவர் தன் காரணத்தை எப்படிச் சொல்ல விரும்புகிறார் என்பதை நன்றாகவே காட்டும். அவரை உண்மையில் இழுத்து வந்தது எது என்பதை அரைகுறையாகத்தான் காட்டும்.

நம் ஊரில் இழுத்து வருவது எது என்று கேட்டால் சம்பளக் கணக்கைப் பார்க்காமல் பேசுவதில் பொருளில்லை. அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளமே 36,400 ரூபாயில் தொடங்குகிறது, அதற்கு மேல் அகவிலைப்படி. அதே பட்டம், அதே பி.எட்., அதே கணக்குப் பாடம், ஆனால் எங்கள் பக்கத்துத் தனியார் பள்ளி என்றால் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் தொட்டாலே நல்ல பள்ளி என்பார்கள். மே மாதம் சம்பளம் கிடையாது என்கிற பள்ளிகளும் உண்டு. ஒரே வேலைக்கு இப்படி மூன்று மடங்கு வித்தியாசம் இருக்கும்போது "கவர்மெண்ட் வேலைக்காக வந்தேன்" என்று சொல்வது பேராசை ஆகாது. கணக்குத் தெரிந்தவர் சொல்லக்கூடிய பதில் அதுதான்.

அந்த அரசு வேலைக்குப் போகும் வழியும் கடந்த பதினைந்து வருஷத்தில் பல தடவை மாறிவிட்டது. முன்பு வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பு. கல்வி உரிமைச் சட்டம் வந்த பிறகு டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு. 2012 ஜூலையில் தமிழ்நாட்டில் நடந்த முதல் டெட் தேர்வை ஆறு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் எழுதி 2,448 பேர் மட்டுமே தேறினார்கள். ஒன்றரை மணி நேரம் போதவில்லை என்று எல்லாரும் கத்தியபின் அக்டோபரில் மூன்று மணி நேரமாக்கி மறுதேர்வு வைத்தார்கள். அப்புறம் டெட் மதிப்பெண்ணோடு பழைய தேர்வு மதிப்பெண்களையும் சேர்த்துத் தரவரிசை போடும் வெயிட்டேஜ் முறை வந்தது, பிளஸ் டூ மதிப்பெண்ணெல்லாம் கணக்கில் சேர்ந்தது, அதை எதிர்த்து வழக்குகள். 2018இல் 149ஆம் எண் அரசாணை வந்து, டெட் தேறினால் மட்டும் போதாது, நியமனத்துக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும் என்றது. அந்த முறையில் பட்டதாரி ஆசிரியர் தேர்வு நடந்தது 2024 பிப்ரவரியில். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு பி.எட். தகுதியாகாது என்று சொல்லிவிட்டது. 2025 செப்டம்பரில், ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கிற பணியிலுள்ள ஆசிரியர்களும் டெட் தேற வேண்டும் என்றது. இதையெல்லாம் வரிசையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வேலைப் பாதுகாப்புக்காக வந்தேன் என்று உங்கள் நண்பர் சொல்லும்போது அவர் சொல்வது கையில் இருக்கும் பாதுகாப்பை அல்ல. பத்து வருஷம் காத்திருந்தாலும் கிடைக்குமா என்று தெரியாத ஒன்றுக்கு அவர் துணிந்திருக்கிறார். வெளியில் இருந்து பார்ப்பவர்கள் இதைச் சோம்பேறித்தனமான தேர்வு என்கிறார்கள். டெட் புத்தகத்தை மூன்றாவது தடவை அட்டை போட்டு வைத்திருக்கும் வீட்டில் போய் அப்படிச் சொல்ல எனக்கு மனசு வராது.

பெண்கள் விஷயத்தில் இன்னொரு அடுக்கு உண்டு. "டீச்சர் வேலைன்னா பாதுகாப்பு, அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வந்துடலாம், பிள்ளைக்கு லீவுன்னா நமக்கும் லீவு" என்பதுதான் வீட்டில் பேசுகிற பேச்சு. டான் லார்ட்டி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1975இலேயே ஆசிரியர் வேலையின் கவர்ச்சிகளில் ஒன்றாக இந்த நேர வசதியைக் குறித்திருக்கிறார், ஆக இது நம் ஊர் மாமியார்கள் கண்டுபிடித்ததல்ல. நம் ஊரில் கூடுதலாக இருப்பது, அந்த வசதியைப் பெரும்பாலும் வேறு யாரோ அவளுக்காகக் கணக்குப் போட்டுவிடுவது. பையன்களுக்கு நேர்மாறு. "வாத்தியாரா? பொண்ணு யாரு குடுப்பா?" என்று வீடே தடுக்கும், அதை மீறி வருகிற பையன் பெரும்பாலும் உண்மையிலேயே பாடம் பிடித்து வந்தவனாக இருப்பான், அல்லது ஒரு பக்கம் குரூப் 2 படித்துக்கொண்டே காலம் தள்ள வந்தவனாக இருப்பான். நடுவாந்தரம் குறைவு. அண்மை வருஷங்களில் வேறொரு வழியாகவும் வரத் தொடங்கியிருக்கிறார்கள். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக, மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு, தெருப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் சொல்லிக்கொடுத்தவர்கள். நான் பார்த்தவரை இவர்கள் வகுப்பறையில் முதல் நாளே பதற்றமில்லாமல் நிற்பார்கள். ஏன் வந்தாய் என்றால் "நல்லா வருதுன்னு சொன்னாங்க சார்" என்பார்கள். திறமை நம்பிக்கை என்று வினாநிரல் சொல்வது இதைத்தான்.

லார்ட்டி சொன்ன இன்னொரு விஷயமும் உங்கள் கேள்விக்குச் சம்பந்தப்பட்டது. பள்ளிப் படிப்பு முடிவதற்குள் ஒருவர் ஏறக்குறைய 13,000 மணி நேரம் ஆசிரியர்களை நேருக்கு நேர் பார்த்துவிடுகிறார், வேறு எந்தத் தொழிலையும் சேருமுன் இவ்வளவு பார்ப்பதில்லை என்றார். அதனால்தான் ஆசையோடு வருகிறவர்களின் ஆசையையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது என் வழக்கம். எட்டாம் வகுப்பில் தனக்குப் பிடித்த மிஸ்ஸைப் போல ஆக வேண்டும் என்று வருகிறவர், அந்த மிஸ் கரும்பலகை முன் நின்றதைப் பார்த்திருக்கிறார். முந்தின இரவு அவர் என்ன யோசித்தார், ஐம்பது நோட்டுத் திருத்தும்போது என்ன நினைத்தார், எமிஸ் என்கிற பள்ளித் தகவல் செயலியில் வருகைப் பதிவு ஏறாதபோது எப்படி எரிச்சலானார் என்பதையெல்லாம் பார்த்ததில்லை. பார்த்த பாதியின் மேல் வைத்த ஆசை, பார்க்காத பாதி வந்ததும் என்ன ஆகும் என்பதைப் பயிற்சிதான் சொல்லும். அடித்த வாத்தியாரைப் பார்த்து, "இவரை மாதிரி இருக்கக் கூடாது" என்று வருகிறவர்களும் உண்டு. எண்ணிக்கை குறைவு, ஆனால் உறுதி அதிகம்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றி. நிச்சயம் ஆகி, கல்யாணம் ஒன்றரை வருஷம் தள்ளிப்போனதால் பி.எட். சேர்க்கப்பட்டவள். மறைக்கவும் இல்லை, முதல் நாளே சொல்லிவிட்டாள். சக மாணவர்கள் முன் சில நிமிடம் பாடம் நடத்திப் பழகும் நுண்நிலைக் கற்பித்தலில் சுமார், ரெக்கார்டு என்கிற பயிற்சிப் பதிவேடு மட்டும் சுத்தமாக இருக்கும். இரண்டாம் ஆண்டுப் பள்ளிப் பயிற்சியில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு. முழுக்கள் பாடம். நான் கடைசி பெஞ்சில் மதிப்பீட்டுத் தாளோடு உட்கார்ந்திருக்கிறேன், வழிகாட்டி ஆசிரியரை ஏதோ பதிவேற்ற வேலைக்கு அலுவலகத்தில் கூப்பிட்டுவிட்டார்கள். பலகையில் −3 − 5 போட்டாள், அது சரியாக வந்தது. அடுத்து −3 − (−5). முதல் வரிசைப் பையன் −8 என்றான். தப்பு, உட்காரு என்றாள். அடுத்தவனும் −8. பெண்கள் பக்கமும் −8. பாடக்குறிப்பில் "மாணவர்கள் +2 எனக் கூறுவர்" என்று எழுதியிருந்தது, எனக்குத் தெரியும், நான்தான் கையெழுத்துப் போட்டிருந்தேன். கொஞ்ச நேரம் சுண்ணக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு முதல் பையனிடமே திரும்பி, "எப்படி வந்துச்சு, சொல்லு" என்றாள். அவன் எழுந்து, கொஞ்சம் கோபமாகவே, "நீங்கதான மிஸ் நேத்து சொன்னீங்க, மைனஸும் மைனஸும் பிளஸ்னு. அதான் மூணையும் அஞ்சையும் கூட்டினேன். முன்னாடி ஏற்கெனவே மைனஸ் இருக்கு" என்றான்.

பையன் சொன்னதில் ஒழுங்கான தர்க்கம் இருக்கிறது பாருங்கள். விதி அவனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது, அந்த விதி எந்த இரண்டு மைனஸைப் பற்றிப் பேசுகிறது என்பது போய்ச் சேரவில்லை. அன்று மிச்ச வகுப்பில் அவள் நடத்தியது அவ்வளவு நன்றாக இல்லை, எண்கோடு வரைந்து பாதியில் மணி அடித்துவிட்டது. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் மற்ற பயிற்சி மாணவர்களிடம் அவள் பேசியது முழுக்க அந்த −8 பற்றித்தான். மறுநாள் பாடக்குறிப்பை மாற்றிக்கொண்டு வந்து, வராந்தாத் தரையில் எண்கோடு கிழித்து, திரும்பி நிற்பது ஒரு மைனஸ், பின்னால் நடப்பது இன்னொரு மைனஸ் என்று பிள்ளைகளை நடக்கவிட்டாள். தலைமையாசிரியர் சத்தம் ஜாஸ்தி என்றார். கல்யாணம் ஆனபிறகு இப்போது ஒரு தனியார் பள்ளியில் குறைந்த சம்பளத்தில் வேலை, பி.ஜி. டி.ஆர்.பி. என்கிற முதுகலை ஆசிரியர் தேர்வுக்கும் எழுதிக்கொண்டிருக்கிறாள். இதை வெற்றிக் கதையாகச் சொல்லவில்லை, சம்பளத்தைப் பார்த்தால் வெற்றி என்று சொல்லவும் முடியாது. சேர்ந்த காரணத்துக்கும் அந்த வராந்தாவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. அதே குழுவில் முதல் வாரத் தாளில் மிக உருக்கமாக எழுதியிருந்த ஒருவர், பிள்ளைகள் தப்பாகச் சொன்னால் முகம் சுருங்கி, சரியாகச் சொல்கிற நாலு பேரோடு மட்டும் பாடத்தை முடித்துக்கொண்டு வந்தார்.

சரி, இதில் எதை உறுதியாகச் சொல்லலாம், எதைச் சொல்ல முடியாது என்று பிரித்துவிடுகிறேன். வருகிறவர்களின் காரணங்கள் கலவையானவை என்பதும், பாதுகாப்பை விரும்புவதும் சொல்லிக்கொடுக்க விரும்புவதும் ஒன்றையொன்று விரட்டுவதில்லை என்பதும் உறுதி. எல்லா ஊர் ஆய்வும் அதையே காட்டுகிறது. காரணங்கள் அப்படியே உறைந்து நிற்பதில்லை என்பதும் கிட்டத்தட்ட உறுதி. வாட், ரிச்சர்ட்சன் இருவரும் 2008இல் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருந்தவர்களைப் பார்த்து மூன்று வகையாகப் பிரித்தார்கள்: முழு ஈடுபாட்டோடு கடைசிவரை இருக்க நினைப்பவர்கள், முழு ஈடுபாடு இருந்தும் சில வருஷத்தில் வேறு வேலைக்கு மாறத் திட்டமிடுபவர்கள், ஈடுபாடு குறைந்து, விலகும் எண்ணத்தோடே இருப்பவர்கள். அந்த இரண்டாவது வகையைக் கவனியுங்கள். நம் ஊரில் குரூப் 2 புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டே நன்றாகப் பாடம் நடத்துகிற பையன் அந்த வகை. அவனை ஆர்வமில்லாதவன் என்று தள்ளிவிட முடியாது.

சந்தேகத்துக்குரியது, நீங்கள் நேராகக் கேட்டதுதான்: நல்ல காரணத்தோடு வந்தவரிடம் படிக்கிற பிள்ளை கூடுதலாகக் கற்றுக்கொள்கிறதா. காரணத்தையும், வேலையில் நிலைப்பேன் என்ற எண்ணத்தையும், தன்னம்பிக்கையையும் முடிச்சுப் போடுகிற ஆய்வுகள் நிறைய. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஆசிரியரையே கேட்டு எழுதியவை. அவரிடம் படித்த பிள்ளை என்ன கற்றது என்று போய்ப் பார்த்தவை குறைவு. ஆகவே "சேவை மனப்பான்மை இருந்தால்தான் நல்ல ஆசிரியர்" என்று யாராவது மேடையில் அடித்துச் சொன்னால், அது அவருடைய நம்பிக்கை என்று எடுத்துக்கொள்ளுங்கள். என் சொந்த அனுபவத்திலிருந்து நான் எடுத்த முடிவும் அதே மாதிரி ஓர் அபிப்பிராயம்தான்: நிரந்தர வேலைக்காக வந்தவர்களால் எனக்குக் கவலை இல்லை, எதற்கென்றே இல்லாமல் வந்தவர்களால்தான் கொஞ்சம் கவலை, அதுவும் அவர்கள் பயிற்சியையும் தவறவிட்டால் பெரிய கவலை.

பயிற்சியைத் தவறவிடுவது நடக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும். நீதிபதி வர்மா ஆணையம் 2012இல் ஆசிரியர் கல்வி பற்றிக் கொடுத்த அறிக்கையில் இந்தத் துறை பெரும்பாலும் தனியார் கையில் இருப்பதையும் தரம் சரிந்திருப்பதையும் சொன்னது, படிப்புக் காலத்தை நீட்டச் சொன்னது. 2015இலிருந்து பி.எட். இரண்டு வருஷமானது, பள்ளிப் பயிற்சி இருபது வாரமானது. அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில். காகிதத்தில் நல்ல மாற்றம். ஆனால் கல்லூரிப் பக்கமே வராமல் ஃபீஸை மட்டும் கட்டிவிட்டு, ரெக்கார்டைக் கடையில் எழுதி வாங்கி, தேர்வுக்கு மட்டும் வருகிற ஏற்பாடு சில இடங்களில் இன்னும் ஓடுகிறது. அப்படிப் போகிறவருக்கு, ஒரு பிள்ளை −8 என்று சொல்லி நிற்கிற அந்த நிமிடம் வாய்ப்பதே இல்லை. வந்த காரணம் மாறுவதற்கான ஒரே இடத்தை அவர் விட்டுவிடுகிறார். சேரும்போது இருந்த "வேற வழியில்ல" முடிக்கும்போதும் அப்படியே இருக்கிறது, அதோடு வகுப்பறைக்குப் போகிறார். இதில் அவரைவிட அந்த ஏற்பாட்டை நடத்துகிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். இப்போது படிப்பை மறுபடி ஒரு வருஷமாகக் குறைக்கும் பேச்சு அடிபடுகிறது. காலம் குறைந்தால்கூடப் பரவாயில்லை, பள்ளியில் இருக்கும் வாரங்களைக் குறைக்காமல் இருந்தால் சரி என்பது என் கட்சி.

இனி உங்களுக்கு. சேவை மனப்பான்மை இல்லை என்று நீங்கள் எழுதியதைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் எதுவும் இல்லை. கணக்கு பிடிக்குமா என்பதை எழுதவே இல்லையே, அதைத்தான் நான் முதலில் கேட்டிருப்பேன். எம்.எஸ்சி. வரை போயிருக்கிறீர்கள் என்றால் கொஞ்சமாவது பிடிக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டாம் ஆண்டில் பள்ளி ஒதுக்கும்போது முடிந்தால் ஒரே வகுப்பைத் தொடர்ந்து எடுக்கிற மாதிரி கேட்டு வாங்குங்கள். வகுப்பு மாற்றி மாற்றி ஓடினால் பாடக்குறிப்பு எண்ணிக்கைதான் கூடும். கோடு போடாத நோட்டு ஒன்று வாங்கி, பிள்ளைகள் சொல்லும் தப்பான விடைகளை மட்டும், எப்படி வந்தது என்று அவர்கள் சொன்ன காரணத்தோடு, அவர்கள் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். ரெக்கார்டுக்கு அது தேவைப்படாது, யாரும் மதிப்பெண் போடமாட்டார்கள். நாலைந்து வாரம் கழித்து அந்த நோட்டைப் புரட்டும்போது உங்களுக்குச் சுவாரசியமாக இருக்கிறதா, சலிப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். சுவாரசியமாக இருந்தால், எதற்காகச் சேர்ந்தீர்கள் என்பதை மறந்துவிடலாம். எந்த நாளும் சலிப்புதான் என்றால் விலகுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எம்.எஸ்சி. கையில் இருக்கிறது.

தேர்வுக் கணக்கையும் இப்போதே போட்டுவிடுங்கள், ஏனென்றால் உங்கள் நண்பர்கள் பலர் இதில்தான் வருஷங்களை இழக்கிறார்கள். முதுகலை ஆசிரியர் பணிக்கு டெட் கேட்பதில்லை. 150 மதிப்பெண்ணில் 110 உங்கள் பாடம், 30 கல்வி முறையியல், 10 பொது அறிவு. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு எடுக்க விருப்பம் என்றால் அந்தப் பக்கம் போங்கள். ஆறிலிருந்து பத்து வரை என்றால் டெட் இரண்டாம் தாள், அதில் கணிதமும் அறிவியலும் சேர்ந்தே 60 மதிப்பெண்தான், மிச்சம் குழந்தை மேம்பாடு, தமிழ், ஆங்கிலம் தலா 30. அதைத் தேறியபின் நியமனத் தேர்வு தனி. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் படிக்கிறேன் என்று இறங்கினால் இரண்டும் அரைகுறையாகப் போவதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வகுப்புத் தோழர்களிடமும் ஏன் சேர்ந்தாய் என்று கேட்பதை விட்டுவிடுங்கள். அடுத்த வருஷம் பயிற்சி தொடங்கி மூன்றாவது வாரத்தில், இன்றைக்கு எந்தப் பீரியட் நன்றாகப் போனது, எது சொதப்பியது என்று கேளுங்கள், அப்போது யார் நிறுத்தாமல் பேசுகிறார்கள் என்று பாருங்கள். இப்போது நீங்கள் நினைக்கிற ஆட்களாக அவர்கள் இருக்கமாட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.